கிளியா அணுக்கள் வெறும் பசை அல்ல: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மூளையைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் அரைப்பக்கம் ஒதுக்கி அறிவியல் எழுதுவது அரிதாகிவிட்ட இந்நாளில் அதற்காக முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும், கட்டுரையோடு வந்த படத்தின் கீழே, "கிளியா: நரம்பணுக்களை ஒட்டிவைக்கும் பசை அணுக்கள், எண்ணிக்கையில் பத்து மடங்கு அதிகம்" என்றிருந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. (அணு என்று நான் எழுதுவதெல்லாம் உடம்பின் செல்லைத்தான்.) அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் உள்ளன. எண்ணிக்கைப் பிழை சிறியது, பசை என்ற பிழை பெரியது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மருத்துவ உதவியாளராக, லயம் என்னும் தோட்டக் குடியிருப்பு மக்களின் பேச்சில் 'டிரசராக', வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். அந்தப் பெரிய பிழையின் விலை என்னவென்பதை ஒரு நோயாளியிடம் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். பத்து மடங்கு என்பது ஒரு பாடநூலைப் பார்த்து இன்னொரு பாடநூல் எழுதிக்கொண்டு வந்த கணக்கு. பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ ஹூசெலும் அவருடன் பணியாற்றியவர்களும், மூளைத் திசுவைக் கரைத்து ஒரே சீரான குழம்பாக்கி அதில் மிதக்கும் அணுக்கருக்களை எண்ணினார்கள். 2009-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, மனித மூளையில் நரம்பணுக்கள் ஏறக்குறைய 8,600 கோடி, நரம்பணு அல்லாத மற்ற அணுக்கள் ஏறக்குறைய 8,500 கோடி. இந்த இரண்டாவது எண்ணில் இரத்தக் குழாய்ச் சுவரின் அணுக்களும் அடங்கும் என்பதால், கிளியா மட்டும் என்று பார்த்தால் இன்னும் குறைவுதான்.

பசைக்கு வருகிறேன். ஜெர்மனியின் ருடோல்ஃப் விர்ச்சோ 1856-ஆம் ஆண்டு இந்தத் திசுவுக்கு நரம்புப் பசை என்று பொருள்படும் பெயரை வைத்தார். 'கிளியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கே பசை என்றுதான் பொருள். அவர் காலத்து நுண்ணோக்கியில் நரம்பணுக்களுக்கு இடையே ஏதோ இட்டு நிரப்பியதுபோலத் தெரிந்ததால் அவர் அப்படிச் சொன்னார், அவரைக் குறை சொல்வதற்கில்லை. கிளியாவில் பல வகை உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று. நரம்பிழைகளுக்கு மயலின் உறை சுற்றுவது ஒரு வகை. காவலுக்கு நின்று சிதைவுகளை விழுங்குவது மைக்ரோகிளியா. மூன்றாவது வகை நட்சத்திரம் போலக் கிளைகளை விரித்து நிற்கும் அஸ்ட்ரோசைட். என் கடிதம் இந்த மூன்றாவது வகையைப் பற்றியது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் நரம்பியக்கடத்தி என்னும் வேதிப்பொருளின் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் பெரும்பங்கு இதனுடையது.

தங்கள் கட்டுரையாளர் நரம்பியக்கடத்தியை நன்றாகவே விளக்கியிருந்தார். ஒரு நரம்பணுவின் நுனியிலிருந்து அது வெளிப்படுகிறது, மிகச் சிறிய இடைவெளியைக் கடக்கிறது, எதிரிலுள்ள அணுவின் ஏற்பியில் பொருந்திச் செய்தியைச் சேர்க்கிறது. அந்த இடைவெளியின் அகலம், ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். செய்தி சேர்ந்த பிறகு அந்த வேதிப்பொருள் எங்கே போகிறது? அது போகாமல் அங்கேயே நின்றால் என்ன ஆகும்?

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் மரத்தடிக்குப் போனவுடன் யாரும் கத்தியை வைத்துவிடுவதில்லை. வெட்டுக்கோட்டில் நேற்றுக் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பால் பிடிக்கும் மங்கில் தங்கிய கட்டியையும் எடுத்துப் பையில் போட்ட பிறகே புது வெட்டு. உரிக்காமல் வெட்டினால் பால் கோட்டைத் தாண்டிப் பட்டையில் வழிந்து வீணாகும். உரித்த ஒட்டுப்பாலையும் யாரும் எறிவதில்லை, அதுவும் ஸ்டோருக்குப் போய் நிறுவைக்கு வரும். மூளையில் அடுத்த செய்திக்கு இடத்தைத் துப்புரவாக்குவதும், எடுத்ததை வீணாக்காமல் திருப்பிக் கொடுப்பதும் அஸ்ட்ரோசைட்டின் வேலை. மனித மூளையில் ஒரேயோர் அஸ்ட்ரோசைட்டின் கிளைகள் இருபது இலட்சம் வரையிலான நரம்புச் சந்திப்புகளைத் தொட்டு நிற்கக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். எந்தத் தோட்டத்திலும் ஓர் ஆளுக்கு இவ்வளவு பெரிய வெட்டுக்காடு கொடுத்ததில்லை.

நரம்பியக்கடத்திகளில் மூளை மிக அதிகமாகப் பயன்படுத்துவது குளுட்டமேட். அடுத்த அணுவைத் தூண்டிவிடுவது அதன் குணம். நரம்பணுவுக்கு உள்ளே அது இருக்கும் செறிவு, வெளியே அணுக்களைச் சூழ்ந்த நீரில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். இந்த வேற்றுமை குலைந்து வெளியே குளுட்டமேட் தேங்கினால், ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டு, எதிரணுவுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்து அந்த அணு செத்தே போகும். செய்தி கொண்டுவந்த பொருளே நஞ்சாகிவிடுகிறது.

இதோடு ஒப்பிட நம் தோட்டங்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நரம்பு தசையைச் சேரும் இடத்தில் செய்தி சொல்வது அசிட்டைல்கோலின். அதை அங்கேயே வெட்டிப்போட ஒரு நொதி காத்திருக்கும். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் அந்த நொதி முடங்கிவிடும். வாயில் எச்சில் வழிய, வியர்வை ஊற்ற, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்க, தசைகள் துடிக்கத் தூக்கி வரப்பட்டவர்களுக்கு அட்ரோபின் ஊசி போட்ட என் தலைமுறை டிரசர்கள் எல்லாருக்கும், துப்புரவு நின்றுபோனால் உடம்பு படும் பாடு தெரியும். (பாராகுவாட் என்ற களைக்கொல்லி வேறு கதை. அது நுரையீரலைத் தின்னும், இதில் சேர்க்கக் கூடாது.) மூளையின் நரம்புச் சந்திப்பில் குளுட்டமேட்டை அப்படி வெட்டிப்போடும் நொதி எதுவும் இல்லை. அதை அள்ளி எடுத்தாக வேண்டும். அள்ளுவதில் பெரும்பகுதியைச் செய்வது அஸ்ட்ரோசைட்.

அள்ளும் விதம் எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. அஸ்ட்ரோசைட்டின் தோலில் குளுட்டமேட்டை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. முன்மூளையில் குளுட்டமேட்டை உள்ளிழுக்கும் வேலையில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் செய்வது ஜி.எல்.டி.-1 என்ற ஒரே புரதம். மூளையிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு இது ஒன்றுதான் என்றால் எவ்வளவு பதிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இவ்வளவு தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. நரம்புச் சந்திப்பில் குளுட்டமேட்டின் உச்சம் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடியில் தணிந்துவிட வேண்டும். ஆனால் ஒரு கடத்திப் புரதம் ஒரு மூலக்கூற்றை உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததற்குத் தயாராகப் பத்துக்கணக்கான மில்லிவினாடிகள் பிடிக்கும். ஆள் மெதுவானவன் என்பதால் ஆட்களைப் பெருக்கியிருக்கிறது உடம்பு. முதலில் பிடித்துக்கொள்வது, பிறகு நிதானமாக உள்ளே எடுப்பது என்று வேலை நடக்கிறது. ஒவ்வொரு குளுட்டமேட்டோடும் மூன்று சோடியம் அயனிகளும் ஒரு புரோட்டானும் உள்ளே வர, ஒரு பொட்டாசியம் அயனி வெளியே போகிறது. சோடியம் வெளியே மிகுதியாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கும் வரை இது ஓடும். அந்த ஏற்றத்தாழ்வைக் காக்கும் எக்கிக்கு ஓயாமல் சக்தி வேண்டும், சக்திக்கு இரத்தத்தின் சர்க்கரையும் ஆக்சிஜனும் வேண்டும்.

பக்கவாதத்தில் நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. இரத்தம் நின்றால் எக்கி நிற்கும், எக்கி நின்றால் சோடியத்தின் ஏற்றத்தாழ்வு சரியும், சரிந்தபின் அதே கடத்திப் புரதங்கள் தலைகீழாக ஓடத் தொடங்கி உள்ளிருந்த குளுட்டமேட்டை வெளியே கொட்டும். இரத்தம் கிடைக்காத இடத்தைச் சுற்றிலும், பிழைத்துக்கொண்டிருக்கக்கூடிய நரம்பணுக்கள் இந்தத் தேக்கத்தில் மடிகின்றன. வாய் கோணியவரை நரம்பு உருவிவிடக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை என்பதால் இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

அள்ளிய குளுட்டமேட்டை அஸ்ட்ரோசைட் என்ன செய்கிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அப்படியே நரம்பணுவிடம் திருப்பிக் கொடுத்தால் வழியில் ஏற்பிகளைத் தொட்டுத் தூண்டிவிடும். ஆகவே அதனோடு ஓர் அமோனியாவைச் சேர்த்து, யாரையும் தூண்டாத சாதுவான குளுட்டமின் ஆக்கி அனுப்புகிறது. நரம்பணு அதை வாங்கி, அமோனியாவைக் கழற்றி, மறுபடியும் குளுட்டமேட் ஆக்கிக்கொள்கிறது. அடக்கும் தன்மையுள்ள காபா என்ற நரம்பியக்கடத்தியைச் செய்யவும் இதே குளுட்டமின்தான் மூலப்பொருள். ஆக, தூண்டுவதற்கும் அடக்குவதற்கும் வேண்டிய சரக்கு இரண்டும் அஸ்ட்ரோசைட்டின் கைவழியே போகின்றன. இந்த மாற்றத்தைச் செய்யும் குளுட்டமின் சிந்தடேஸ் என்ற நொதி மூளையில் கிளியாவில்தான் இருக்கிறது என்பது 1977-ஆம் ஆண்டு காட்டப்பட்டது. நரம்பணு தனக்கு வேண்டியதைத் தானே முழுவதும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை என்பதற்குத் தங்கள் படத்தின் கீழ்வரியே சாட்சி.

அமோனியா என்றவுடன் பழைய பால் ஸ்டோர் வாசகர்களின் மூக்கில் ஏறியிருக்கும். வெட்டிய பால் உறையாமலிருக்கக் கலப்பது அதுதான். நம் உடம்பிலும் அது நாள்தோறும் உண்டாகிறது, குறிப்பாகக் குடலில். கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீருக்கு அனுப்பிவிடுகிறது. கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போனால், அமோனியா இரத்தத்தில் தங்கி மூளைக்குப் போகும். மூளையிடம் யூரியா செய்யும் வசதி முழுமையாக இல்லை. அங்கே அமோனியாவைப் பெரிய அளவில் பிடித்துக் கட்டக்கூடியவர் அஸ்ட்ரோசைட் ஒருவரே. வந்த அமோனியாவையெல்லாம் குளுட்டமின் ஆக்கி ஆக்கி அவருக்குள்ளே குளுட்டமின் குவிகிறது, அது தண்ணீரை இழுக்கிறது, அணு உப்புகிறது. உப்பிய அஸ்ட்ரோசைட்டால் தன் வழக்கமான வேலைகளைச் செய்ய முடிவதில்லை.

1984-ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்தில் ஒருவர் இந்த நிலைக்கு வந்தார். பல ஆண்டுகள் சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்தவர், கண் மஞ்சள், வயிறு நீர் கோத்துக் கிடந்தது. ஒரு வாரமாகப் பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் விழித்திருந்தார். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓர் இரவு எழுந்து அலமாரி மூலையில் சிறுநீர் கழித்துவிட்டார். வீட்டார் காற்றுச் சேட்டை என்று பூசாரியிடம் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினார்கள். அவர்கள் அறியாமல் செய்தார்கள். நானோ படித்தவன். அவர் மனைவி, "டிரசர் ஐயா, ராத்திரி தூங்க மாட்டேங்கிறாரு, எங்களையும் தூங்க விட மாட்டேங்கிறாரு" என்று அழுதபோது, தூங்கட்டும் என்று டயசிபாம் மாத்திரை கொடுத்தேன். மறுநாள் காலையில் அவரை எழுப்ப முடியவில்லை. காபாவின் அடக்கும் வேலையை மிகுவிக்கும் மருந்தை, ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த மூளைக்குக் கொடுத்திருக்கிறேன்.

தோட்டத்து லாரியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். நான்காம் நாள் கண்ணைத் திறந்தார். அங்கிருந்த மருத்துவர் என்னைக் கண்டிக்கவில்லை. நோயாளியின் வெப்பநிலைக் குறிப்புத் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்புறம் கால்கள் பல நீண்ட ஒரு நட்சத்திரத்தை வரைந்து, இந்த நோயில் கெட்டு நிற்பது முதலில் இந்த அணு, நரம்பணு அன்று என்றார். பிறகு நோயாளியின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்த இரண்டொரு விநாடியில் கை சட்டென்று விழுந்து மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது, நனைந்த காகம் சிறகை உதறுவதுபோல. அதன்பின் கல்லீரல் கெட்டவர் யாராவது மறதியாகப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டால், மாத்திரைப் பெட்டியைத் திறக்கும் முன் அந்தக் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. மலச்சிக்கல், குடலில் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று, தூக்க மாத்திரை ஆகியவை இந்நிலையைத் தூண்டிவிடும். லாக்டுலோஸ் என்ற இனிப்புப் பாகு கொடுத்து மலத்தோடு அமோனியாவை வெளியேற்றுவது இன்றும் முதல் மருத்துவம். பேய் என்று கயிறு கட்டிய நாட்களில் பாகு கொடுத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

கடந்த ஞாயிறு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் கேட்ட கேள்வியையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். "குளுட்டமேட்னா நம்ம சமையல்ல போடுற அஜினோமோட்டோதானே? அப்போ அது மூளையைக் கெடுக்குமா?" பொருள் அதுவேதான். ஜப்பானியரான கிகுனே இக்கேடா 1908-இல் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் என்று கண்டுபிடித்தது குளுட்டமேட்டையே. 1969-இல் அமெரிக்கரான ஜான் ஓல்னி பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளின் உடம்பில் அதை ஊசியாக ஏற்றியபோது மூளையின் சில பகுதிகளில் அணுக்கள் மடிந்ததும் உண்மை. ஆனால் நாம் உண்பதில் பெரும்பகுதியைக் குடலின் அணுக்களே எரிபொருளாக்கிக்கொள்கின்றன, மிஞ்சியது இரத்தத்துக்கு வந்தாலும் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவது மிகக் குறைவு. மூளையில் நடமாடும் குளுட்டமேட் மூளையே செய்துகொண்டது. அவர் இரசத்தில் போடும் சிட்டிகைக்காக நான் கவலைப்படவில்லை, உப்புக்காகத்தான் கவலைப்பட்டேன், அதையும் சொல்லிவிட்டேன்.

வலிப்பு நோயைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. 1997-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் மேற்சொன்ன ஜி.எல்.டி.-1 புரதத்தின் மரபணுவை நீக்கியபோது, அவை தாமாகவே வலிப்புக் கண்டு இறந்தன. நரம்பணுக்களை அவர்கள் தொடவே இல்லை என்று சொல்லிவிடலாம், அள்ளுபவரை மட்டும் எடுத்துவிட்டார்கள். மனிதரின் எல்லா வலிப்புக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, காரணங்கள் பல. ஆனாலும் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு நின்று பார்க்கும் கூட்டத்தை வாழ்நாளெல்லாம் விலக்கியவன் நான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டு போவதே செய்ய வேண்டியது.

இந்த அறிவைக் கொண்டு மருந்து செய்ய முயன்றவர்களும் உண்டு. தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் ஏ.எல்.எஸ். என்ற நோயில் இந்தக் கடத்திப் புரதம் குறைந்துபோவதை 1995-இல் கண்டார்கள். நாங்கள் தோட்டத்துப் பக்கம் நிமோனியாவுக்கு ஊசியாகப் பார்த்துப் பழகிய செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி மருந்து, சுண்டெலிகளில் அந்தப் புரதத்தைக் கூட்டுகிறது என்று 2005-இல் செய்தி வந்தபோது நானும் ஆர்வத்தோடு படித்தேன். பெரிய அளவில் மனிதர்களிடம் சோதித்தபோது பலன் தரவில்லை. எலிக்கு நடந்தது மனிதனுக்கு நடக்காமல் போவது இத்துறையில் புதிதல்ல.

அஸ்ட்ரோசைட் தானும் வேதிப்பொருட்களை வெளியிட்டு நரம்பணுக்களோடு உரையாடுகிறதா, எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. ஆகவே திருத்தத்தில் அதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அள்ளுவது, மாற்றுவது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றில் வழக்கு ஏதும் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். பொருளைத் தமிழாக்கும் ஆர்வத்தில் பழைய பிழையையும் சேர்த்துத் தமிழாக்கிவிடக் கூடாது. டிங்கிக் காய்ச்சலை டிங்கி என்றே எழுதி எல்லாருக்கும் புரிய வைத்திருக்கிறோம், கிளியாவையும் கிளியா என்றே எழுதலாம். தமிழ்ப்பெயர் வேண்டுமென்றால் 'பேணணு' என்று நான் ஒன்றை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழாசிரியர்கள் சிரிக்காமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறு பதிப்பில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் இப்படி இருக்கலாம்: "கிளியா அணுக்களில் ஒரு வகையான அஸ்ட்ரோசைட், நரம்பணுக்கள் வெளியிடும் குளுட்டமேட்டை அகற்றி, குளுட்டமின் ஆக்கித் திருப்பித் தருகிறது. கிளியாவின் எண்ணிக்கை நரம்பணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும்." படத்தை மறுபடியும் போடுவீர்களானால், இன்னொரு சிறு வேண்டுகோள். நரம்பணுவின் ஒவ்வோர் உறுப்புக்கும் கோடிழுத்துப் பெயர் எழுதியிருந்தீர்கள். வலது மூலையில், ஒரு காலை இரத்தக் குழாயின்மேல் ஊன்றி மற்றக் கால்களை நரம்புச் சந்திப்புகளின் பக்கம் நீட்டிக்கொண்டு பெயரில்லாமல் நின்ற அந்த நட்சத்திர உருவம்தான் அஸ்ட்ரோசைட். அதற்கும் ஒரு கோடிழுத்துப் பெயர் எழுதிவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.